அம்பத்தூரிலிருந்து ஆழிக்கரை வரை

பயணக் கட்டுரை என்றதும் மலையும் அருவியும் கடற்கரையும் உங்கள் நினைவுக்கு வருவது இயல்பே. இம்மாதம் நாம் செல்லவிருப்பதோ, அருவியின் ஓசைக்குப் பதிலாகக் கடைசல் இயந்திரங்களின் ஓசை கேட்கும் இடத்திற்கு. செலவும் அதிகமில்லை. சென்ட்ரலில் ஆவடி வண்டியில் ஏறி அமர்ந்தால் பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர் ஆகியவற்றைக் கடந்து பட்டரவாக்கத்தில் இறங்கிவிடலாம். காலை எட்டு மணியளவில் அந்நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் வண்டி பாதி காலியாகிவிடுகிறது. கையில் சாப்பாட்டுத் தூக்கும் தோளில் பையுமாக இறங்குகின்ற ஆண்களும் பெண்களும், பின்னால் வருபவரைத் திரும்பிப் பார்க்கவும் நேரமின்றி அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை நோக்கி விரைகின்றனர். அவர்களோடு நானும் நடந்தேன்.

கிண்டியில் 1958ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தொழிற்பேட்டை நல்ல பலன் தந்ததைக் கண்டு, ஆர். வெங்கட்ராமன் மாநிலத் தொழில் அமைச்சராக விளங்கிய காலத்தில், 1960களின் நடுவில் உருவானது இப்பேட்டை. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த இப்பகுதியில் அதற்கு முன்பே பெரிய ஆலைகள் இரண்டு வந்துவிட்டன. டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை 1951 முதல் மிதிவண்டி செய்தது. பின்னர் டன்லப் டயர் ஆலை வந்தது. அடுத்துள்ள பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, சுந்தரம் பாஸ்னர்ஸ் முதலிய நிறுவனங்கள் 1960களில் எழுந்தன. மோட்டார் வாகனத்திற்கு வேண்டிய ஆயிரம் சில்லறைப் பாகங்களைப் பெரிய ஆலை தானே செய்துகொண்டிருக்க முடியுமா? அவற்றைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளுக்கு இடம் வேண்டியிருந்தது. அந்த இடமே இந்தத் தொழிற்பேட்டை. 1970இல் தோன்றிய சிட்கோ நிறுவனத்தின் பொறுப்பில் இன்று 1,200 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில், ஆயிரத்திற்கும் அதிகமான தொழிற்கூடங்களுடன் அது விரிந்து கிடக்கிறது. டன்லப் ஆலை மூடப்பட்டுப் பல்லாண்டுகளாகின்றன. பழைய பட்டறைகள் சில இடிக்கப்பட்டு, அங்கே கண்ணாடிச் சுவர்கொண்ட கணினி அலுவலகங்கள் எழும்பி நிற்கின்றன. ஆயினும் உட்தெருக்களுக்குள் புகுந்தால் அதே எண்ணெய் வாடை. அதே சுருள் சுருளான இரும்புச் சீவல்.

அத்தகைய உட்தெரு ஒன்றில்தான் என் நண்பரின் கடைசல் பட்டறை இருக்கிறது. ஆம்பூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர். தகப்பனார் தோல் மண்டியில் கணக்கெழுதியவர். மகன் தோலை விட்டுப் பித்தளையைப் பிடித்துக்கொண்டார். பதினான்கு பேர் அவரிடம் வேலை செய்கின்றனர். தண்ணீர்க் குழாய்களில் பொருத்தும் வால்வுகளுக்கான தண்டுகளும் புஷ்களும் செய்கிறார். இருபது ஆண்டுகளாகப் பெரிய நிறுவனங்களுக்கு ஜாப் ஆர்டர் முறையில் செய்து கொடுத்துவந்தவர். ஒரு காசைக் குறைத்துக் கேட்டாலும் மறுக்க இயலாத நிலை. இந்நிலையில்தான், ஷார்ஜாவிலுள்ள உறவினர் ஒருவரின் வாயிலாக அங்குள்ள கட்டடப் பொருள் வணிகர் ஒருவரின் தொடர்பு கிடைத்தது. மாதிரி அனுப்பினார், பிடித்துவிட்டது. முதல் ஆர்டரும் வந்தது.

“பாய், என் பொருளில் அவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. குறையெல்லாம் என் தாளில்தான்!” என்று தொடங்கினார் நண்பர், தேநீரை என் பக்கம் நகர்த்தியபடி.

நடந்தது இதுதான். இந்தியாவிற்கும் ஐக்கிய அரபு அமீரகத்திற்கும் இடையிலான வர்த்தக உடன்படிக்கை 2022 மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, நம் நாட்டில் செய்த பெரும்பாலான பொருட்களுக்கு அங்கு வசூலிக்கப்படும் 5 விழுக்காட்டுச் சுங்கத் தீர்வை நீங்கியது. படிப்படியாக நீங்கும் பொருட்களும் உண்டு. ஆனால் பொருள் இந்தியாவில்தான் உருவானது என்பதற்குரிய ‘பிறப்பிடச் சான்றிதழ்’ உடன் செல்ல வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் உலகப் பொதுவான எச்.எஸ். எண் ஒன்று உண்டு. நண்பருக்காக ஆவணம் எழுதிக் கொடுத்தவர், விலைப்பட்டியலில் வால்வின் பாகத்திற்குரிய எண்ணையும் சான்றிதழில் வேறு பித்தளைப் பொருளுக்குரிய எண்ணையும் எழுதிவிட்டார். சரக்கு ஜெபல் அலி துறைமுகத்தில் நின்றது. வாங்கியவர் தீர்வையையும் தாமதக் கட்டணத்தையும் கட்டிச் சரக்கை எடுத்து, அவ்விரண்டையும் நண்பருக்குரிய தொகையில் கழித்துக்கொண்டார். நான்கு மாத உழைப்பின் இலாபம் அதில் போயிற்று.

“திருத்திய சான்றிதழ் கேட்டுப் பார்க்கலாம் என்றுகூட எனக்குத் தெரியாது பாய். யாரிடம் கேட்பதென்றும் தெரியாது. அந்த மாதம் சம்பளம் போட வீட்டு நகை பேங்குக்குப் போனது” என்றார். அந்த நகை இன்னும் திரும்பவில்லை என்பதை அவர் சொல்லாமலே அறிந்துகொண்டேன்.

கேட்பதற்கு ஆளில்லையா இந்நாட்டில்? இருக்கிறார்கள், ஏராளமாகவே இருக்கிறார்கள். நண்பரும் நானும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துச் சென்னையின் வரைபடம்போல் கிறுக்கிப் பார்த்தோம். ஏற்றுமதியாளருக்கான குறியீட்டெண் வழங்கும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அலுவலகம் நுங்கம்பாக்கத்தில், ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன் வளாகத்தில். சுங்க இல்லம் துறைமுகத்திற்கு எதிரே ராஜாஜி சாலையில். சிறு தொழில் செய்வோருக்கு ஆலோசனை கூறும் மத்திய அரசு நிலையம் கிண்டியில். அதன் பெயர் மாறிவிட்டபோதிலும், பழையவர்கள் இன்றும் ‘சிசி’ என்றே அழைக்கின்றனர். பொறியியல் பொருள்களின் ஏற்றுமதியை வளர்க்க 1955இல் அமைந்த கழகம் ஒன்று. வெளிநாட்டு வணிகர் பணம் தராமல் கைவிரித்துவிட்டால் இழப்பின் பெரும்பகுதியை ஈடு செய்ய 1957இல் தோன்றிய ஏற்றுமதிக் கடன் உறுதிக் கழகம் மற்றொன்று. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரத்தைச் சோதிக்கும் ஆய்வு முகமை வேறு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கூட்டமைப்பாக 1965இல் எழுந்த இந்திய ஏற்றுமதி நிறுவனங்களின் கூட்டமைப்பு வேறு. இவற்றுக்கப்பால் வங்கி, சுங்க முகவர், கப்பல் முகவர்.

ஒவ்வொன்றும் தேவையானதே, ஒவ்வொன்றிலும் பொறுப்புணர்ந்து பணியாற்றுவோர் இருக்கத்தான் செய்கின்றனர். அவர்களை நான் குறை கூற வரவில்லை. ஆனால் குறியீட்டெண் தருபவர் காப்புறுதி பற்றிப் பேசமாட்டார். காப்புறுதி தருபவர் எச்.எஸ். எண்ணைப் பார்க்கமாட்டார். இவை யாவற்றையும் ஒன்றாகக் கோத்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு, பதினான்கு பேருக்குக் கூலி கொடுத்து, இயந்திரம் பழுதானால் தானே ஸ்பானரைக் கையிலெடுக்கும் மனிதரின் தலையில் வந்து விழுகிறது. இப்போது விண்ணப்பங்களில் பெரும்பாலானவை கணினி வழியாகவே முடிந்துவிடுகின்றன. வருமான வரி நிரந்தர எண்ணே குறியீட்டெண்ணாகவும் அமைகிறது. பிறப்பிடச் சான்றிதழையும் பட்டறையில் இருந்தபடியே பெறலாம். அலைச்சல் குறைந்தது உண்மை. எந்தக் கட்டத்தில் எந்த எண்ணை நிரப்புவது என்னும் ஐயத்தைத் தீர்க்கத்தான் கணினிக்கு வாயில்லை.

தொழிற்பேட்டைக்குள்ளேயே நம்பிக்கையூட்டும் ஓரிடம் உண்டு. அது அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம். ‘ஐயிமா’ என்று எல்லோரும் அழைக்கும் இச்சங்கம், ‘ஆக்மி’ என்னும் இயந்திரக் கருவிக் கண்காட்சியைப் பல்லாண்டுகளாக நடத்திவருகிறது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடைபெறும் அக்கண்காட்சியில், பெரிய நிறுவனமும் சிறு பட்டறையும் அடுத்தடுத்துக் கடை விரிப்பதைக் கண்டிருக்கிறேன். முதல் சரக்கில் அடிபட்ட பிறகு நண்பர் சென்றதும் தொழிற்பேட்டையிலுள்ள மூத்த தொழிலதிபர் ஒருவரிடம்தான். அவர் அரை மணி நேரம் ஒதுக்கி, தாள்களை வரிசைப்படுத்திக் காட்டினாராம். அந்த அரை மணி நேரம் முதலிலேயே கிடைத்திருந்தால் நகை வீட்டிலேயே இருந்திருக்கும்.

லுஹர் தொழுகைக்குப் பின், இரண்டாம் சரக்குக்கான மரப்பெட்டிகளைப் பார்வையிட நண்பர் பூவிருந்தவல்லி புறப்பட்டார். நானும் அவரது வண்டியில் ஏறிக்கொண்டேன். வழியில் திருமுல்லைவாயிலில் வார்ப்படப் பட்டறை ஒன்றில் நின்றோம். பித்தளை வார்ப்பு அங்கிருந்து வருகிறது. பிறகு ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிச பாணிச் சமுதாயம் என்னும் தீர்மானம் நிறைவேற்றிய ஊர் என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். தேசியச் சிறுதொழில் கழகம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965 டிசம்பரில் வெளிவந்தது. அதற்கு உதிரிப் பாகம் செய்து கொடுத்துக் கைதேர்ந்த பட்டறைகள் இவ்வட்டாரத்தில் பல. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். “அங்கே பழகிய கையால்தான் ஷார்ஜாக்காரர் என் பொருளில் குறை காணவில்லை” என்றார் நண்பர். அவரது தலைமைத் தொழிலாளி அத்தொழிற்சாலையில் பயிற்சி பெற்றவர்.

பருத்திப்பட்டு ஏரியைக் கடக்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். கடைசல் நடைபெறும் அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. வார்ப்படம் நடைபெறும் இடமும் பெட்டி செய்யும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில். ஒவ்வொரு மாவட்டத்தையும் ஏற்றுமதி மையமாக்குவதென மத்திய அரசு 2019இல் முடிவு செய்து, மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் குழு அமைக்கச் செய்தது. நல்ல திட்டமே. ஆனால் ஒரே வால்வுத் தண்டு இரண்டு மாவட்டங்களில் பிறந்து வளர்கிறதே! எந்தக் குழுவிடம் முறையிடுவது? கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டிக்காரரிடம் ஒரு புதுச் செய்தியைக் கற்றேன். கப்பலேறும் மரப்பெட்டியை ஆணியடித்து மூடினால் மட்டும் போதாது. மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருக்குமாறு சூடேற்றி, பூச்சி புழு அற்றதென முத்திரை குத்த வேண்டும். 2002 முதல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட நெறி இது. முத்திரையில்லாத பெட்டியில் தங்கமே இருந்தாலும் பல துறைமுகங்கள் திருப்பி அனுப்பிவிடும். பித்தளை செய்பவர் மரத்தின் காய்ச்சலையும் அளக்க வேண்டிய காலம்!

பூவிருந்தவல்லியில் பெட்டி காய்ந்துகொண்டிருந்த வேளையில், நான் பழைய பள்ளிவாசலுக்குச் சென்றேன். கோல்கொண்டா சுல்தான் அப்துல்லா குத்புஷாவின் ஆட்சியில், 1653ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. மீர் ஜும்லாவின் கீழ்ப் பணியாற்றிய ருஸ்தம் என்பவர் கட்டியதாகப் பாரசீகக் கல்வெட்டு கூறுகிறது. மெட்ரோ தூண்களும் பேருந்து இரைச்சலும் நெருக்கும் ஊருக்குள் அமைதியாக நிற்கிறது.

மீர் ஜும்லாவை நாம் படைத்தலைவராகவே படித்திருக்கிறோம். அவர் முதலில் வணிகர். ஈரானில் இஸ்ஃபஹானை அடுத்த அர்திஸ்தானில் எளிய குடும்பத்தில் பிறந்து, வைர வணிகத்தின் வழியே கோல்கொண்டா வந்து, அமைச்சராகவும் கர்நாடகப் பகுதியின் ஆளுநராகவும் உயர்ந்தவர். இக்கரையில் நெய்த துணியும் சுரங்கத்தில் எடுத்த வைரமும் அவருடைய சொந்தக் கப்பல்களில் பாரசீகத்திற்கும் பர்மாவின் பெகுவிற்கும் சென்றன. சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலக் கம்பெனியார் அவருடைய தயவை நாடி நின்றனர். அவருக்குச் சான்றிதழ் வேண்டியிருக்கவில்லை. முத்திரை அவர் கையிலேயே இருந்தது. பொருள், பணம், கப்பல், அதிகாரம் நான்கும் ஒருவரிடமே குவிந்திருந்தபடியால் காரியம் தடையின்றி நடந்தது. நெய்தவருக்கு அதில் என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி. ஒருவர் கையில் யாவும் குவியும் அக்காலம் திரும்ப வேண்டியதில்லை. ஆயினும், அதே ஊரில் மரப்பெட்டி வாங்கும் என் நண்பரையும் அவரையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தேன். ஒருவருக்கு நான்கும் ஒரே கையில். மற்றவருக்கு நான்கும் நாற்பது மேசைகளில்.

சிதறிக் கிடப்பவர்கள் ஒன்றுகூடினால் என்ன நிகழும் என்பதற்கு நம் சமுதாயத்தவர் நன்கறிந்த ஒரு சான்று உண்டு. பூவிருந்தவல்லியைக் கடந்து மேற்கே செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலை மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் செல்கிறது. தோல் பதனிடும் குடும்பங்கள் அவ்வூர்களில் எத்தனை என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1989 டிசம்பரில் ஜெர்மனி ஒரு தடை விதித்தது. ஈரத்தோலில் பூஞ்சை பிடிக்காதிருக்கப் பயன்படுத்திய ‘பென்டாகுளோரோபீனால்’ என்னும் மருந்து நச்சுத்தன்மை உடையது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அங்கு விற்கக் கூடாது. ஜெர்மனியோ நம் தோலுக்குப் பெரிய சந்தை. பதனிடுவோர் திகைத்துவிட்டனர். எத்தனையோ சிறு தொழிற்கூடத்தாருக்கு அம்மருந்தின் வேதிப்பெயரே புதிது.

நண்பரின் தகப்பனார் மண்டியில் இருந்த காலம் அது. “அத்தா அடிக்கடி சொல்வார்: அந்த வருடம் எல்லோரும் ஒரே பாஷை பேசினார்கள் என்று.” உண்மைதான். அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சோதனை வசதி செய்து, மாற்று மருந்துகளைப் பரிந்துரைத்தது. 1984இல் தோன்றிய தோல் ஏற்றுமதிக் கழகம் ஊர் ஊராகச் செய்தியைக் கொண்டு சேர்த்தது. மாற்று மருந்துகளின் இறக்குமதித் தீர்வையை அரசு குறைத்தது. நச்சு மருந்தை நாட்டிலேயே தடை செய்தது. ஆய்வுக்கூடம், கழகம், சுங்கம், தொழிலதிபர் நால்வரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் நகர்ந்தபடியால், பெரிய ஆலைகளோடு சிறு பதனிடுவோரும் தப்பிப் பிழைத்தனர். 1994இல் சாயப் பொருட்களுக்கு ஜெர்மனி அடுத்த தடையைக் கொண்டுவந்தபோது வழி பழகியிருந்தது. அக்கழகத்தின் தலைமையகம் தில்லியில் இல்லை, சென்னையிலேயே இருக்கிறது என்பதும் கருதத் தக்கது. ஆற்காட்டுச் சாலையில் செல்லும் மனிதர் மாலைக்குள் வந்து திரும்பக்கூடிய தொலைவு.

பிற நாடுகளில் இத்தகைய ஒருங்கிணைப்பை நெருக்கடிக்கு முன்பே செய்துவைக்கின்றனர். ஜப்பானின் ‘ஜெட்ரோ’ 1958இலும், தென்கொரியாவின் ‘கோட்ரா’ 1962இலும், நம் மக்கள் பலர் வாழும் மலேசியாவின் ‘மாட்ரேட்’ 1993இலும் அமைந்தன. அந்நாட்டுச் சிறு உற்பத்தியாளர் முதலில் தட்டுவது அக்கதவைத்தான். ஜெட்ரோவும் கோட்ராவும் நம் சென்னையிலேயே அலுவலகம் வைத்து, தத்தம் நாட்டுத் தொழிலுக்கு இங்கு வழி தேடித் தருகின்றன!

நம் அரசும் இதை உணராமலில்லை. 2024 செப்டம்பரில், தூதரகங்களையும் ஏற்றுமதிக் கழகங்களையும் ஒரே கணினித் தளத்தில் இணைக்கும் ஏற்பாடு தொடங்கியது. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் நம் பொருட்கள் பலவற்றின் மீதான தீர்வையை 50 விழுக்காடாக உயர்த்தி அதிர்ச்சி தந்ததைத் தொடர்ந்து, நவம்பரில் ‘ஏற்றுமதி மேம்பாட்டு இயக்கம்’ என்னும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2030-31 வரை 25,060 கோடி ரூபாய். தனித்தனியே நடந்துவந்த வட்டிச் சலுகை, சந்தை தேடும் உதவி முதலியவற்றை ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்து, வர்த்தகம், சிறுதொழில், நிதி ஆகிய மூன்று அமைச்சகங்களும் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. தரச் சான்றிதழ், பொதிவு, சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றுக்கும் இதில் இடமுண்டு. குடை பெரியதுதான். அதன் ஒரு கம்பி பட்டரவாக்கம் நிலையத்துக்கு அருகே வந்து ஊன்றுமா என்பதே என் கவலை. தொழிற்பேட்டைச் சங்கத்தின் வாயிலில் ஒரு மேசை. விலைப்பட்டியல், சான்றிதழ், காப்புறுதி, பெட்டி முத்திரை ஆகியவற்றைச் சரக்கு புறப்படுமுன் ஒருசேரப் பார்த்து “இது தவறு” என்று சொல்லத் தெரிந்த ஒருவர். மாவட்ட எல்லை கேளாமல் ஆவடிக்காரரும் பூவிருந்தவல்லிக்காரரும் அவரிடம் வரலாம். 25,060 கோடியில் அதற்குச் செல்வது எவ்வளவாக இருக்கும்!

மாலையில் பெட்டிகளோடு தொழிற்பேட்டைக்குத் திரும்பினோம். கனரக லாரிகள் நகருக்குள் புக இரவாக வேண்டும் என்பதால், சரக்கு மஃரிபுக்குப் பின்னரே ஏற்றப்பட்டது. இரண்டாம் ஆர்டர், முதலாவதில் பாதிதான். ஷார்ஜாக்காரர் மீண்டும் நம்பிப் பார்க்கிறார். இம்முறை காப்புறுதிக் கழகத்திலும் நண்பர் பதிந்திருக்கிறார்.

விளக்கடியில் அவர் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு, சான்றிதழை என்னிடம் நீட்டினார். “நீங்கள் எண்ணைப் படியுங்கள் பாய், நான் பார்த்துக்கொண்டே வருகிறேன்” என்றார். எட்டு இலக்கங்களையும் ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். அவர் விரல் தாளின்மேல் ஊர்ந்தது. “இன்னொரு தடவை” என்றார். படித்தேன். பெட்டியின் முத்திரையைத் தலைமைத் தொழிலாளி கைவிளக்கால் காட்டினார். ஓட்டுநர் அவசரப்படுத்தினார். நண்பர் காதில் வாங்காமல் மூன்றாம் முறை, இப்போது தாமே படித்து, கையொப்பமிட்டுத் தாள்களை உறையிலிட்டுக் கொடுத்தார்.

லாரி தெருமுனை திரும்பி மறைந்தது. உள்ளே இரவுப் பணியாள் இயந்திரத்தை ஓடவிட்டிருந்தார். “கப்பல் ரசீது வந்ததும் தகவல் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்” என்று என்னை அனுப்பிவைத்துவிட்டு, மறுநாளுக்குரிய பித்தளைத் தண்டுகளை எண்ணத் தொடங்கினார் நண்பர்.